தோன் கோன் தீவில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய வீட்டில் தங்குவது குறித்து

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதத்தில் அம்மாவுடன் தெற்கு லாவோசுக்குப் பயணம் செல்லவிருக்கிறேன். மேகாங் ஆறு கம்போடிய எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்பாகப் பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் சீ பான் தோன் பகுதியில், தோன் கோன் என்னும் தீவில், முன்பு பிரெஞ்சுக்காரர்களின் மருத்துவமனையாக இருந்த ஒரு வீடு இப்போது விருந்தினர் விடுதியாக நடத்தப்படுகிறது. அதில் மூன்று இரவுகள் தங்க எண்ணியிருக்கிறேன். நான் புதுச்சேரிக்காரன். சிறுவயதில் நான் ஏறி விளையாடிய திண்ணைகளில் பாதி இன்று இல்லை. உயர்ந்த கதவுகளும் சுண்ணாம்புச் சுவர்களும் கொண்ட வீடுகள் ஒவ்வொரு மழைக்கும் ஒன்றிரண்டாக இடிந்து விழுவதைப் பார்த்து வளர்ந்தவன். ஆற்றின் நடுவில் அப்படி ஒரு வீடு எவ்வாறு நிலைத்து நிற்கிறது என்பதை நேரில் காண விரும்புகிறேன்.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். பழைய கட்டடத்து அறையையே எடுக்கலாமா, அல்லது தோட்டத்தில் பின்னாளில் கட்டிய மரவீடுகளில் ஒன்றை எடுப்பது நல்லதா? மூன்று இரவுகள் அதிகமா? சென்று வந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

முதல் மறுமொழி

வணக்கம். நான் அங்கு இரண்டு முறை தங்கியிருக்கிறேன். முதல் முறை ஆவணியில் சென்றேன். மழையில் சுவர்கள் ஈரம் பூத்து, மெத்தையிலும் தலையணையிலும் பூஞ்சை வாடை ஏறி, இரவு முழுவதும் தூக்கம் பிடிக்கவில்லை. இரண்டாம் முறை தை மாதத்தில் சென்றபோது வேறொரு வீட்டுக்குள் நுழைந்ததைப் போல இருந்தது: தரை உலர்ந்து குளிர்ந்திருந்தது, சாத்திய பலகணிக் கதவுகளின் சாய்சட்டங்கள் வழியே காலை வெயில் கோடு கோடாகக் கட்டில்மேல் விழுந்தது. ஆகவே நீங்கள் தேர்ந்திருக்கும் மாதம் மிகச் சரியானது. கார்த்திகை முதல் மாசி வரை மழையும் இராது, வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். பங்குனி பிறந்தால் வெப்பம் கடுமையாகிவிடும்.

அந்த வீடு ஏன் அங்கே கட்டப்பட்டது என்பதை அறிந்துகொண்டு செல்லுங்கள். மேகாங் வழியாகச் சீனா வரை கப்பல் விடலாம் என்று பிரெஞ்சுக்காரர்கள் நம்பினார்கள். 1866 முதல் 1868 வரை தூதார் த லாக்ரே தலைமையில் ஆற்றோடு சென்ற குழு, இந்தத் தீவையொட்டிய கோன் அருவிகளைக் கண்டபோதே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அருவியைக் கப்பல் ஏற முடியாது என்பதால், தீவின் குறுக்கே தண்டவாளம் போட்டார்கள். 1893-94இல் லாக்ராந்தியே, மாஸி என்னும் இரண்டு பீரங்கிப் படகுகளை இந்தத் தீவின்மீது தரைவழியாக இழுத்து மேலாற்றில் இறக்கினார்கள். போதிய தண்டவாளம் இல்லாததால், வண்டி கடந்துவிட்ட பகுதியைப் பெயர்த்தெடுத்து முன்னால் கொண்டுபோய்ப் பதித்துக்கொண்டே நகர்ந்தார்கள். அந்த உழைப்பைச் செய்தவர்கள் வியட்நாமியத் தொழிலாளர்கள். பிறகு நிலையான பாதை அமைந்தது, 1910இல் பக்கத்திலுள்ள தோன் தேத் தீவுக்குப் பாலமும் கட்டப்பட்டது. சைகோனிலிருந்து வரும் சரக்கும் அதிகாரிகளும் அஞ்சலும் தெற்குத் துறையில் இறங்கி, ஏழு கிலோமீட்டர் ரயிலில் வந்து, வடக்குத் துறையில் மீண்டும் கப்பலேற வேண்டியிருந்தது. மருத்துவமனையும் பிற வீடுகளும் அங்கு முளைத்தது அதனால்தான். 1940களில் ரயில் நின்றது, தண்டவாளம் போய்விட்டது, பாலம் இன்றும் மக்கள் நடக்கும் பாலமாக இருக்கிறது. பாலத்தருகே துருப்பிடித்த இன்ஜின் ஒன்று நிற்கிறது.

இதையெல்லாம் பார்க்க விரும்பும் உங்களுக்குப் பழைய கட்டடத்து அறைதான் பொருந்தும். மூன்று இரவுகள் அதிகமில்லை. முதல் நாள் வந்து சேர்வதிலேயே கழிந்துவிடும்.

இரண்டாம் மறுமொழி

மேலே எழுதியவர் வீட்டைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அம்மாவை முன்னிட்டுச் சில சொற்கள் மட்டும். தெற்கு லாவோசின் பெரிய நகரமான பாக்சேயிலிருந்து நாகசாங் படகுத்துறைக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வேனில் மூன்று மணி நேரம். அங்கிருந்து ஏறும் படகு குறுகலானது, பக்கவாட்டில் சாயக்கூடியது. ஆற்றில் நீர் குறைந்திருக்கும் தை மாதத்தில் படகு தாழ்வாக நிற்பதால், கரைச்சரிவில் இறங்கி ஏறவேண்டும். என் தாயாரைப் படகோட்டியும் நானும் இருபுறமும் கைபிடித்துத்தான் இறக்கினோம். கனமான பெட்டியைத் தவிர்த்து, தோளில் மாட்டும் பையாகக் கொண்டுசெல்லுங்கள். அறையை உறுதிசெய்யும் முன், குளியலறைக்குப் படி ஏறி இறங்க வேண்டுமா என்று விடுதியிடம் எழுதிக் கேளுங்கள். பழைய வீடுகளில் அது பின்னாளில் சேர்க்கப்பட்டதாகவே இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இரவில் அந்த ஒரு படிதான் ஆபத்து. பதில் திருப்தியாக இல்லையென்றால் மரவீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டைப் பகலில் சுற்றிப் பார்க்கலாம்.

உணவில் கவனம் தேவை. காய்கறி என்று சொல்லித் தரும் பப்பாளிக்காய்க் கலவையிலும் பாதேக் எனப்படும் புளித்த மீன் சாறு சேர்ந்திருக்கும். "கின் ஜே" என்றால் சைவம் உண்பவர் என்று புரிந்துகொள்வார்கள். "போ சாய் பாதேக்" என்றால் அதைப் போடவேண்டாம் என்று பொருள். சிறு மூங்கில் கூடையில் சூடாகக் கொண்டுவைக்கும் ஒட்டரிசிச் சோற்றை என் தாயார், நாங்கள் வீட்டிலிருந்து எடுத்துச்சென்ற பருப்புப்பொடியோடு மூன்று நாளும் நிறைவாக உண்டார்கள். பணத்தைப் பாக்சேயிலேயே லாவோஸ் நாணயமான கிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மறுமொழி

பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு ஓங்கில் (டால்பின்) பார்க்கும் ஆசையோடு செல்லவேண்டாம் என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். தீவின் தெற்கு முனைக்கு எதிரேயுள்ள ஆழ்மடுவில் வாழ்ந்துவந்த ஐராவதி ஓங்கில்களில் கடைசியாக எஞ்சிய ஒன்றும் 2022 பிப்ரவரியில் இறந்துவிட்டது. இப்போது அவை கம்போடியாவுக்குள், கிராத்தியே பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் மீன்கள் மேலேறிச் செல்லக்கூடியதாக இருந்த ஹூ சாஹோங் கிளையும், 260 மெகாவாட் திறனோடு 2020இல் செயல்படத் தொடங்கிய தோன் சாஹோங் அணை கட்டப்பட்டதிலிருந்து அடைபட்டுக் கிடக்கிறது. இந்த மாற்றங்களைப் பற்றித் தீவின் முதிய மீனவர்கள் சொல்வதைக் கேளுங்கள். எனக்கு அந்தப் பயணத்தில் மிக நெருக்கமாக நிற்பது அந்த உரையாடல்தான்.

இன்னொன்று. பாக்சேயிலிருந்து தெற்கே வரும் வழியில் சம்பாசாக் என்னும் ஊரில் ஒரு நாள் நிறுத்தி வாட் பூ கோயிலைப் பாருங்கள். உச்சியில் இயற்கையாக அமைந்த கல்லை லிங்கமாக வணங்கிய மலையின் அடிவாரத்தில் கெமர் மன்னர்கள் கட்டிய சிவன் கோயில் அது. அதன் மேல்தளப் படிகள் செங்குத்தானவை. அம்மா கீழ் மண்டபங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் என் நன்றி. குளியலறை பற்றி விடுதிக்கு எழுதிக் கேட்டேன். ஒரு படி இருக்கிறது என்றும், கைப்பிடி இல்லை என்றும் பதில் வந்தது. எனவே அம்மாவுக்காகத் தோட்டத்து மரவீட்டில் மூன்று இரவுகளும், கடைசி ஓர் இரவு எனக்கு மட்டும் பழைய கட்டடத்தில் ஓர் அறையும் பதிவு செய்திருக்கிறேன். வாட் பூவுக்கும் ஒரு நாள் ஒதுக்கிவிட்டேன். பருப்புப்பொடிக்கு இப்போதே அம்மா துவரம்பருப்பை வெயிலில் காயவைத்திருக்கிறார்கள்.