ஸப்பாவின் 1971 மேடைப் பதிவு: பாட்டா, நாடகமா?

பெருமாள்மலை வாசி | சனி, இரவு 9:10

போன ஞாயிறு கொடைக்கானலில் நாம் கூடியபோது அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவின் 'ஜஸ்ட் அனதர் பேண்ட் ஃப்ரம் எல்.ஏ.' இசைத்தட்டின் முதல் பக்கத்தைப் போட்டேன். பாதிகூட ஓடவில்லை, "இது பாட்டே இல்லை, மேடையில் நின்று கத்துகிறார்கள்" என்று இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். அந்தப் பேச்சை இங்கே தொடரலாம் என்று நினைக்கிறேன்.

வராதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். 1971 ஆகஸ்ட் 7 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பாலி பெவிலியன் என்ற கூடைப்பந்து அரங்கத்தில், ஸப்பாவின் மதர்ஸ் குழு நடத்திய கச்சேரி இது. தட்டு வெளிவந்தது 1972 மார்ச்சில். முதல் பக்கம் முழுக்க ஒரே உருப்படிதான்: 'பில்லி த மவுண்டன்', ஏறக்குறைய 25 நிமிஷம். கதாநாயகன் ஒரு மலை. ரோசமண்ட், கோர்மன் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருக்கிறான். அவன் தோளில் முளைத்த மரம் எத்தல்தான் மனைவி. வருஷக்கணக்காகப் போஸ்ட்கார்டு படத்துக்கு நின்றதற்கான ராயல்டி ஒருநாள் கைக்கு வருகிறது. மலையும் மரமும் நியூயார்க் பார்க்கக் கிளம்பிவிடுகின்றன. வழியில் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் நசுங்கிப் போகிறது. கொலம்பஸ் ஊருக்கு வரும்போது பில்லிக்குப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் ஓலை வருகிறது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. மலையைப் பிடிக்க ஸ்டுடபேக்கர் ஹாக் என்று ஒரு சூரன் புறப்படுகிறான். டெலிபோன் கூண்டுக்குள் போய்க் காலெல்லாம் சர்க்கரைப் பாகைத் தடவிக்கொள்கிறான், மொய்க்கிற ஈக்கள் அவனைத் தூக்கிப் பறக்கின்றன. கடைசியில் பில்லி சிரிக்கிறான். அந்தச் சிரிப்பிலேயே ஹாக் உருண்டு விழுகிறான்.

என் கட்சி இதுதான்: அதில் வரும் பேச்சும் கேலியும் இசையமைப்புக்கு உள்ளேயே இருப்பவை. அவற்றை வெட்டி எடுத்தால் மிச்சம் ஒன்றும் நிற்காது.

வில்பட்டி கிடார் | சனி, இரவு 9:42

எழுந்து போன ரெண்டு பேர்ல நான் ஒருத்தன் அண்ணே. ஸப்பாவைப் பிடிக்காம போகல, பிடிச்சதாலதான் போனேன்.

1969ல 'ஹாட் ராட்ஸ்' போட்ட மனுஷன் அவர். அதுல ஒரே ஒரு பாட்டுக்குத்தான் குரல், மத்தது பூரா வாத்தியம். அந்த கிடாரைக் கேட்டுத்தான் நான் விரல் பழகினேன். அடுத்த வருஷமே டர்டில்ஸ் குழுவோட பாடகர்கள் வோல்மன், கேலன் ரெண்டு பேரையும் சேர்த்துக்கிறார். 1967ல அமெரிக்காவுல முதல் இடம் பிடிச்ச பாட்டைப் பாடினவங்க. ஒப்பந்தத் தகராறுல சொந்தப் பேரைக்கூட மேடையில போட முடியாம 'ஃப்ளோ, எடி'ன்னு வந்தாங்க. அப்புறம் பாருங்க, அய்ன்ஸ்லி டன்பர் மாதிரி டிரம்மர், இயன் அண்டர்வுட் மாதிரி கீபோர்டும் சாக்ஸும் கைவந்த ஆள், எல்லாரும் உக்காந்து கதைக்குப் பின்னாடி சத்தம் போட்டுட்டு இருக்காங்க. அவ்வளவு கையை வச்சுக்கிட்டு இது வீண் இல்லையா?

ஆறு கட்டை | சனி, இரவு 10:25

தம்பி வில்பட்டி, பின்னாடி சத்தம் போடுறதுன்னா என்னன்னு ஆர்மோனியக்காரன் கிட்ட கேளுங்க.

நான் ஸ்பெஷல் நாடகத்துக்கு வாசிக்கிறவன். வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கம்தான் அதிகம். மேல பண்ணைக்காடு, தாண்டிக்குடித் திருவிழாவுக்கும் வந்திருக்கேன். வள்ளி திருமணம்னு நோட்டீஸ்ல போட்டிருக்கும், ஆனா வள்ளி வர நடு ராத்திரி தாண்டிடும். பத்து மணிக்கு மேல முதல்ல ஏறுறது பபூன். தனியா நின்னு பேசுவார், பாடுவார், திடீர்னு என் பக்கம் திரும்பி "என்ன வாத்தியாரே, சரிதானே?"ம்பார். அதுக்கு நான் "ஆமா"ன்னு சொல்ற இடம் இருக்கே, அது கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் அந்தச் சிரிப்பு செத்துரும். இடது கை துருத்தியை விடாது. வலது கை ஒரே சுரத்துல நின்னு அவர் வாயைப் பார்த்துக்கிட்டு இருக்கும். அவர் வசனத்தை முடிக்கிற சொல்லுல மிருதங்கமும் ஆல்ரவுண்டுத் தாளமும் சேர்ந்து ஒரே அடி. ஒத்திகை கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் எல்லாரையும் தனித்தனியாப் பேசிக் கூட்டிட்டு வருவாங்க. மேடையில ஏறினப்புறம்தான் ஒருத்தரோட ஒருத்தர் சேர்றோம். இதை வாசிப்பு இல்லைன்னு சொன்னா நாங்க ராத்திரி பூரா என்ன பண்றோம்?

ஆனா பெருமாள்மலை சார், உங்க கட்சியிலயும் நான் இல்லை. மேடைக் காமெடியைத் தட்டுல அடைக்க முடியாது. பபூன் துண்டை உதறித் தோள்ல போடுற விதத்துக்கே கூட்டம் சிரிக்கும். நீங்க போட்ட தட்டுல நாலு இடத்துல ஜனங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியல. அங்க வந்தவங்க பார்த்தாங்க, நான் பார்க்கல. காசு குடுத்து வாங்கினவனுக்கு அது குறைதானே?

பெருமாள்மலை வாசி | சனி, இரவு 11:03

ஆறு கட்டை அண்ணே, நீங்கள் எழுதியதில் முதல் பாதியைப் போல எனக்கு எழுத வராது. இரண்டாம் பாதியோடு எனக்கு உடன்பாடில்லை.

ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். படத்தின் கதை வசனத்தை ரெக்கார்டில் கேட்டு ஒரு வரி விடாமல் ஒப்பித்த ஊர் இது. கல்யாண வீட்டுக் குழாயில் வசனம் ஓடும்போது பந்தியில் இருந்தவர்கள் முன்கூட்டியே சிரித்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காதால் நாடகம் பார்ப்பது நமக்குப் பழக்கமான ஒன்று.

அதைவிட முக்கியம், பில்லி ஒரு மலை. பாலி பெவிலியனில் முன்வரிசையில் இருந்தவருக்குக்கூட அந்த மலை கண்ணுக்குத் தெரியவில்லை. நடக்கிற மலை, அதன் தோளில் மரம், ஆளைத் தூக்கும் ஈக்கூட்டம், நசுங்கும் விமானத் தளம்: இதில் எதையும் எந்த மேடையிலும் காட்ட முடியாது. குரலும் வாத்தியமும் மட்டுமே அதைச் செய்யும். எத்தல் பெயர் வரும் இடத்தைக் கேளுங்கள். தோளில் முளைத்த மரம் என்ற அபத்தமான வரியை வோல்மனும் கேலனும் தேன் போன்ற இரட்டைக் குரலில், தங்கள் பழைய காதல் பாட்டைப் பாடிய அதே கவனத்தோடு பாடுகிறார்கள். அந்தக் கவனத்தால்தான் சிரிப்பு வருகிறது, அது முழுக்கக் காதில் நடக்கிற சிரிப்பு. துண்டு உதறும் காமெடியைத் தட்டில் இழப்போம், ஒப்புக்கொள்ளலாம். இந்தக் கதை காதுக்கென்றே கட்டப்பட்டது.

இன்னொன்று. இந்த உருப்படி ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது. போகிற இடத்தின் ஊர்ப்பெயர்களை உள்ளே நுழைப்பார்கள். அதே வருஷம் அக்டோபரில் நியூயார்க் கார்னகி ஹாலில் வாசித்தது 2011ல் வெளியானது. அங்கே இது 40 நிமிஷத்தையும் தாண்டி ஓடுகிறது. உங்கள் பபூன் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தைப் பாட்டில் இழுப்பது போலத்தான்.

காப்பித் தோட்டம் | ஞாயிறு, காலை 6:50

இரவு முழுக்க ஆண்கள் பேசி முடித்துவிட்டீர்கள் போல. முதல் பக்கத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். தட்டைத் திருப்பிப் போடுங்கள்.

இரண்டாம் பக்கத்தில் 'மக்டலேனா' இருக்கிறது. பெற்ற மகள் மீது ஆசைப்படும் அப்பனைப் பற்றிய பாட்டு. துள்ளலான மெட்டு, நகைச்சுவைக் குரல். இதே குழுவின் இதற்கு முந்தைய மேடைப் பதிவு, 1971 ஜூனில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்டில் எடுத்தது, அதில் பெரும்பகுதி பாடகர்களைத் தேடி ஹோட்டல் அறைக்கு வரும் பெண்களை வைத்து நடத்தும் நாடகம். அந்தப் பெண்ணாகப் பேசுவது வோல்மன். ஆண் எழுதி, ஆண் பெண்குரலில் பேசி, ஆண்கள் சிரிக்கிறார்கள். அந்த மேடையில் பதில் சொல்ல ஒரு பெண்ணும் இல்லை.

ஆறு கட்டை ஐயா, உங்கள் நாடகத்தில் பபூனும் டான்ஸ் பெண்ணும் ஆடும் காமிக்கில் இரட்டை அர்த்தம் கொட்டும், தெரியும். அதற்காக அந்தப் பெண்களை ஊர் என்ன பேசுகிறது என்பதும் தெரியும். ஆனாலும் அங்கே அவள் மேடையில் நிற்கிறாள். பபூன் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள், சில ராத்திரி அவர் வாயடைத்து நிற்பார். எங்கள் அம்மா அதற்காகவே விடிய விடிய உட்கார்ந்திருப்பார். ஃபில்மோர் பதிவில் அந்த இடம் காலி. "கேலியும் இசையமைப்பின் உள்ளே இருக்கிறது" என்கிறீர்களே பெருமாள்மலை அண்ணா, அப்படியானால் கேலியில் உள்ள அழுக்கும் இசையமைப்பின் உள்ளேதான் இருக்கிறது. இசையை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொள்கிறேன் என்று நீங்கள் சொல்ல முடியாது.

வில்பட்டி கிடார் | ஞாயிறு, காலை 8:15

அக்கா சொன்னது சரியான அடி. என் பங்குக்கு ஒண்ணு. அதே ரெண்டாம் பக்கத்துல 'எடி, ஆர் யூ கிட்டிங்?'னு ஒரு பாட்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் டிவியில அப்ப ஓடின ஒரு துணிக்கடை விளம்பரத்தைக் கிண்டல் பண்றது. அந்த விளம்பரத்தைப் பார்த்தவன் சிரிப்பான். ஐம்பது வருஷம் கழிச்சு வில்பட்டியில கேரட் ஏத்துற வண்டிக்குக் காத்திருக்கிற எனக்கு அதுல என்ன இருக்கு? ஊர்ப்பேரை நுழைக்கிறது பெருமைன்னு சொன்னீங்க. ஊர் மாறினதும் அதே பேர் சுமையாயிடுது. ஒரு நல்ல கிடார் வாசிப்புக்கு அந்தச் சுமை கிடையாது.

பூம்பாறைப் பூண்டு | ஞாயிறு, காலை 9:30

நான் ராக் கேட்கிற ஆள் இல்லை, கதையைப் படிச்சுட்டு வந்தேன். எனக்கு இந்த மலை ரொம்பப் பிடிச்சிருக்கு.

நம்ம தூண் பாறையை எத்தனை பேர் படம் எடுத்திருப்பாங்க? காலண்டர்ல, பிஸ்கட் டப்பாவுல, சினிமாவுல. குணா குகைக்கு 1991 படத்தோட பேரே வந்து ஒட்டிக்கிச்சு. 2024ல ஒரு மலையாளப் படம் ஓடினதும் கூட்டம் தாங்கல. அந்த வருஷம் மே 7ல இருந்து நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வாங்கித்தான் மேல வர்றாங்க. படத்துக்கு நின்ன மலைக்கு யாராவது ஒரு ரூபா குடுத்தாங்களா? குப்பைதான் குடுத்தாங்க. மலைக்கு ராயல்டின்னு ஒருத்தன் யோசிச்சிருக்கான்னா அது எனக்கு வெறும் காமெடி இல்லை, நியாயம்.

மலை நடக்கிறதும் நமக்குப் புதுசா? இடும்பன் கதை இங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.

ஆறு கட்டை | ஞாயிறு, காலை 10:05

பூம்பாறை, இடும்பன் கதையில மலை நடக்கல. அகத்தியர் சொல்லி, சிவகிரி சக்திகிரி ரெண்டையும் இடும்பன் காவடியாக் கட்டித் தூக்கிட்டு வர்றான். பழநியில இறக்கி வச்சான், திரும்ப எடுக்க வரல. தூக்கினவன் தோத்தான், மலை இருந்த இடத்துல இருந்தது. அதுதான் அந்தக் கதைக்கு வேர்.

ஆனா நீங்க சொன்னதுல ஒண்ணு பிடிபடுது. ஹாக்குக்கும் கடைசியில அதே கதிதான். மலையை அதிகாரத்தால நகர்த்தப் போனவன் விழறான்.

பெருமாள்மலை சார், காதுக்குன்னே கட்டினதுன்னு சொன்னீங்க. நேத்து ராத்திரி ஹெட்போன்ல திரும்பக் கேட்டேன். கதை சொல்றவர் ஒரு சொல்லை விட்டதும் டிரம் அடுத்த தாளத்துக்குத் தாவுற இடங்கள் இருக்கு, கை சுத்தம். கையசைவுலயே குழுவைத் திருப்பிடுவார் ஸப்பான்னு படிச்சிருக்கேன். அந்தக் கையை நான் பார்க்கணும். எனக்கு அதுதான் நாடகம். தட்டுல அது இல்லை, இனியும் வராது. அந்த 1971 டிசம்பர்லயே சுவிட்சர்லாந்து மான்ட்ரோ அரங்கத்துல தீப்பிடிச்சு வாத்தியமெல்லாம் எரிஞ்சது. ஆறு நாள்ல லண்டன்ல பார்க்க வந்த ஒருத்தன் மேடையில இருந்து அவரைக் கீழ பள்ளத்துல தள்ளிவிட்டான், பல மாசம் சக்கர நாற்காலி. அந்தக் குழு அதோட முடிஞ்சது. மேடையை நம்பி வாழறவனுக்குத்தான் தெரியும், தட்டு எவ்வளவு கொஞ்சத்தை மிச்சம் பிடிக்குதுன்னு.

பெருமாள்மலை வாசி | ஞாயிறு, காலை 11:20

மிச்சம் பிடித்தது கொஞ்சம்தான் அண்ணே. அந்தக் கொஞ்சமும் இல்லை என்றால் இன்று நாம் யாரைப் பற்றிப் பேசுவோம்? உங்கள் பபூன்களில் எத்தனை பேர் குரல் ஒரு கேசட்டில்கூட இல்லாமல் போயிற்று?

காப்பித் தோட்டம் அவர்களுக்கு: 'மக்டலேனா' அந்த அப்பனைத்தான் கேலி செய்கிறது, மகளை அல்ல என்று சொல்வோர் உண்டு. எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. ஒழுக்கம் பேசும் குடும்பத் தலைவனின் வாயிலிருந்தே அது வருகிறது.

காப்பித் தோட்டம் | ஞாயிறு, பகல் 12:02

அப்பனைக் கேலி செய்கிறது என்றால் மகள் எங்கே அண்ணா? பெயர் அவளுடையது, பாட்டில் பெரும்பகுதி அவர் பேச்சுதான். ஒரு வரியாவது அவளுக்குக் கொடுத்திருந்தால் நீங்கள் சொல்வதைக் கேட்டிருப்பேன். பில்லி கதையில் எத்தல் என்ற மரம்கூடப் பிரயாணம் போகிறாள், அரசாங்கம் அவளைக் கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்படுகிறது. மரத்துக்குக் கிடைத்த கதை இந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. முதல் பக்கத்துக்கு நான் வருவேன், கவனமாகக் கேட்பேன். 'மக்டலேனா' போட்டால் எழுந்து போகும் மூன்றாவது ஆள் நான்.

வில்பட்டி கிடார் | ஞாயிறு, பகல் 12:40

அண்ணே, ஒரு பரீட்சை வைக்கலாம். இதே தட்டுல 'கால் எனி வெஜிடபிள்' இருக்கு. அது 1967ல 'அப்சலூட்லி ஃப்ரீ' தட்டுலயே ஸ்டுடியோவுல வந்தது. அங்க பாட்டைப் பிரிச்சு நடுவுல ஏழு நிமிஷத்துக்கு வெறும் வாத்தியம். அந்த ஸ்டுடியோப் பதிவையும் 1971 மேடைப் பதிவையும் அடுத்த ஞாயிறு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணாப் போடுங்க. எதுல இசை கூடுதல்னு இருக்கிறவங்க சொல்லட்டும். நான் கடைசி வரைக்கும் உக்காந்திருப்பேன்.

பெருமாள்மலை வாசி | ஞாயிறு, பகல் 12:55

போடுகிறேன். மூன்று மணிக்கு வந்துவிடு. ஆறு கட்டை அண்ணே, வத்தலக்குண்டிலிருந்து மதியப் பேருந்தைப் பிடித்தால் சரியாக இருக்கும். ஆர்மோனியப் பெட்டியையும் எடுத்து வாருங்கள். "ஆமா" சொல்கிற இடத்தை இந்தத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.