புதுப்பிப்பு: தலைகீழ் முக்கோணம் – ஸ்ட்ராவும் நூலும் கைகொடுத்தன

பெங்களூரு அல்சூரில் நடக்கும் வார இறுதி வகுப்பில், முனை கீழே இருந்தால் "இது முக்கோணம் இல்ல மிஸ்" என்று ஐந்து வயதுப் பிள்ளைகள் மறுப்பதாக எழுதியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அட்டை வடிவங்களைத் திருப்பிக் காட்டியது எடுபடவில்லை. பலித்தது ஸ்ட்ராவில் நூல் கோக்கும் யோசனை. பேப்பர் ஸ்ட்ராவை 10 செ.மீ. துண்டுகளாக வெட்டி, மூன்றைக் கம்பளி நூலில் கோத்து இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். நூல் நுனியில் செலோடேப் சுற்றிவிட்டால் பிள்ளைகளே கோத்துவிடுவார்கள். முடிச்சு தளர்ந்தால் முக்கோணமும் ஆடும், அப்புறம் பாடமே கெட்டுவிடும். களிமண் உருண்டையில் குத்த வேண்டாம். ஈரத்தில் பேப்பர் ஊறி மடங்கிவிடும்.

தாங்களே கோத்ததை எப்படித் திருப்பினாலும் பக்கங்களைத் தொட்டு எண்ணி "மூணுதான்" என்கிறார்கள்.

எதிர்பாராதது சதுரம். நான்கு துண்டு கோத்ததும் சாய்ந்து பட்டமாகிவிட்டது. எதிர் மூலைகளுக்கு இடையே 14 செ.மீ. துண்டு ஒன்றைக் குறுக்கே கட்டியதும் நிமிர்ந்து நின்றது. உள்ளே இரண்டு முக்கோணம் இருப்பதை ஒரு குழந்தை சொல்லாமலே கண்டுபிடித்தாள். 10, 5, 4 செ.மீ. துண்டுகளையும் கொடுத்துப் பாருங்கள், முக்கோணம் மூடாது.