கரைப்பான் போதையும் பற்றுப்படமும்

வணக்கம்.

போதைத் தடுப்புக் கையேட்டின் சிறுநீரகப் பகுதிக்கு இரண்டு சொற்கள் வேண்டும்: பசை, தின்னர் முகரும் பழக்கத்துக்கு ஒன்று, அதனால் சிறுநீரகம் கெட்டதா என்று பார்க்கும் அணு ஸ்கானுக்கு ஒன்று. வரைவில் "மோப்பப் போதை", "சிறுநீரகச் சேதப்படம்" என்று இருக்கிறது. சரியா?

---

> மோப்பப் போதை

மோப்பம் மூக்கின் வேலை. வாயால் இழுப்பவரை இச்சொல் விட்டுவிடும். "ஆவிப் போதை" என்றால் பேயோட்ட ஆள் தேடுவார்கள். "இழுப்பு" நம்மூரில் முட்டு வருத்தம். "உள்ளிழு போதை" கஞ்சாப் புகையையும் சேர்த்துக்கொள்ளும். இங்கே சிறுநீரகத்துக்கு முக்கிய வில்லன் பசையிலும் தின்னரிலும் இருக்கும் தொலுயீன், அது ஒரு கரைப்பான். ஆகவே "கரைப்பான் போதை". மதுசாரமும் கரைப்பான்தானே என்று இரசாயன மாஸ்ரர்மார் கேட்பார்கள். கேட்கட்டும், வாசிப்பவர் எவரும் சாராயம் என்று விளங்கமாட்டார்.

---

> சிறுநீரகச் சேதப்படம்

இதற்குத்தான் என் மறுப்பு. அந்தப் படம் சேதத்தைக் காட்டுவதில்லை.

தெக்னீசியம்-99எம் என்ற கதிர்வீச்சுப் பொருள் சேர்த்த டி.எம்.எஸ்.ஏ. மருந்தை நாளத்தில் ஏற்றினால், அது சிறுநீரகத்தின் மேற்பட்டையில் உள்ள அண்மை மடிந்த சிறுகுழாய்க் கலங்களில் போய்த் தங்கும். இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்துக் காமா கமராவில் எண்ணுவது, அக்கலங்கள் எவ்வளவு பிடித்துக்கொண்டன என்பதை மட்டுமே. தெக்னீசியத்தின் அரைவாழ்வுக் காலம் 6 மணித்தியாலம் என்பதால் காத்திருக்க நேரம் போதும்.

தொலுயீன் இழுப்பவருக்குச் சேய்மைச் சிறுகுழாய் கெட்டு இரத்தத்தில் அமிலம் கூடலாம், பொற்றாசியம் விழலாம், கைகால் சோரலாம். அந்த அமில நிலையே டி.எம்.எஸ்.ஏ. பிடிப்பைக் குறைத்துவிடும். சிறுநீரகம் மங்கித் தெரியும், கலம் சாகாமலே. அதனால் முதலில் இரத்தத்தில் பொற்றாசியம், அமிலத்தைத் தணிக்கும் இருகாபனேற்று, சிறுநீரின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) பார்க்கவேண்டும், இரத்தம் அமில நிலையில் இருந்தும் சிறுநீரின் பி.எச். 5.5க்கு மேல் நின்றால் சேய்மைச் சிறுகுழாய் கெட்டது என்ற சந்தேகம் வலுக்கும். திருத்தும்போது பொற்றாசியத்தை முந்திக் கொடுக்காமல் இருகாபனேற்றை மட்டும் ஏற்றினால் பொற்றாசியம் இன்னும் விழும். ஸ்கான் அதன் பிறகு.

இன்னொரு பொறி. நஞ்சு இரத்தத்தோடு இரண்டு சிறுநீரகத்துக்கும் போகிறது. மொத்தப் பிடிப்பில் இடம் 51, வலம் 49 வீதம் என்று அறிக்கை வரும். 45 முதல் 55 வரை இயல்பு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இரண்டும் சமமாகக் கெட்டாலும் பங்கு மாறாது! ஊசிக் குழாயின் கதிர்வீச்சை ஏற்றுமுன்னும் ஏற்றிய பின்னும் எண்ணி, பின்னணியைக் கழித்து, சிறுநீரகம் இருக்கும் ஆழத்துக்குத் திருத்தி, ஏற்றியதில் எத்தனை வீதம் தங்கியது என்று தனித்தனியே கணிக்கவேண்டும். மருந்துக் குப்பிக்குள் காற்றுப் புகுந்தாலும், ஊசி நாளத்துக்கு வெளியே கசிந்தாலும் அந்தக் கணக்குப் பிழைக்கும்.

முடிவை அல்ல, அளப்பதைச் சொல்லும் பெயர் வேண்டும்.

---

அப்படியானால் "ஏற்புப்படம்"?

---

வேண்டாம். ஏற்பு என்றால் இங்கே துருப்பிடித்த ஆணி குத்தியவருக்குப் போடும் ஊசிதான் ஞாபகம் வரும். பாடநூல் வழக்கில் அணுவின் நடு "கரு" என்பதால் "கருப்படம்" இலக்கணத்துக்குச் சரி, ஆனால் கர்ப்பிணிகள் கிளினிக்கில் பெரும் குழப்பம். "பற்றுப்படம்" என்று வைப்போம். வங்கிப் பற்று நினைவுக்கு வந்தாலும் பிழையில்லை, தங்கியதைத்தானே கணக்குப் பார்க்கிறோம்.

சிறுநீரக ஸ்கானின் மற்ற மருந்துகளான டி.ரி.பி.ஏ., மாக்-3 இரண்டும் தங்குவதில்லை. முன்னது சிறுநீரகத்தின் வடிகட்டியான கலன்கோளத்தில் வடியும், பின்னது பெரும்பாலும் சிறுகுழாயால் சுரக்கப்படும்; ஊசி ஏற்றிய கணத்திலிருந்து 20, 30 நிமிடம் தொடர்ந்து படம் எடுப்பார்கள். அவற்றுக்கு "வடிபடம்". பற்றுப்படத்தில் மங்கிய இடத்துக்கு "பற்றுக்குறை". "வடு" என்ற சொல்லை, ஆறு மாதம் கழித்து எடுத்த படத்திலும் அது மாறாமல் நின்றால் மட்டும் எழுதுங்கள்.

---

நன்று. கையேட்டில் இப்படிப் போகிறது: "கரைப்பான் போதை உள்ளவருக்கு முதலில் இரத்த, சிறுநீர்ச் சோதனை. அமில நிலை திருத்திய பின்பே பற்றுப்படம். பற்றுக்குறை எல்லாம் வடு அல்ல." சொற்களுக்கு இடையில் ஒற்று மிகுமா என்பதை மட்டும் யாராவது பார்த்துத் தாருங்கள்.