அம்மாவுக்குச் சர்க்கரை, கையில் இன்சூரன்ஸ் இல்லை. அவசரம்!

பிளேனோ புதுசு:
வணக்கம். அம்மாவுக்கு 63 வயது. 14 வருடமாகச் சர்க்கரை, பிரஷரும் உண்டு. டெக்சஸில் எங்களோடு இருக்கிறார். மதுரையிலிருந்து கொண்டுவந்த இன்சுலினில் இரண்டு பேனாதான் மிச்சம். இன்று காலை வெறும் வயிற்றிலேயே 240. ஏற்கெனவே வியாதி இருந்தால் இங்கே எவனும் இன்சூரன்ஸ் தரமாட்டான் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா? ராத்திரி தூக்கமே இல்லை.

எடிசன் மாமா:
உண்மைதான் தம்பி. 2008-இல் டெக்சஸில் இருந்தபோது வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கினேன். பிரஷருக்கு ஒரே ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று எழுதினேன், விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க நெஞ்சு லேசாக வலித்தால்கூட வாயு என்று சொல்லிக்கொண்டு சுக்குக் கஷாயம் குடித்தே ஓட்டினேன்.

டல்லாஸ் அக்கா:
மாமா, அது பழைய கதை. 2010-இல் ஒபாமா கையெழுத்துப் போட்ட சட்டம், 2014 ஜனவரியிலிருந்து இதை மாற்றிவிட்டது. மார்க்கெட்பிளேஸ் என்கிற அரசு இன்சூரன்ஸ் சந்தையில் வாங்கும் பிளானில் பழைய வியாதியைக் காட்டி மறுக்கவும் கூடாது, பிரீமியத்தை ஏற்றவும் கூடாது. வயசுக்கு ஏற்றலாம், புகையிலைக்கு ஏற்றலாம், சர்க்கரைக்கு முடியாது.

ஹூஸ்டன்காரன்:
விசிட்டர் விசாவுக்கு அதெல்லாம் செல்லாது அக்கா. பேசாமல் விசிட்டர் பிளான் எடுங்கள், 'அக்யூட் ஆன்செட்' உள்ளதாகப் பார்த்து.

டல்லாஸ் அக்கா:
அது பழைய வியாதி திடீரென்று முற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினால்தான், அதற்கும் ஆயிரம் நிபந்தனை. தினப்படி இன்சுலினுக்கு ஒரு பைசா வராது.

சியாட்டில் சரவணன்:
உங்கள் ஆபீஸ் பிளானில் அம்மாவைச் சேர்த்துவிடுங்கள், முடிந்தது.

ஹூஸ்டன்காரன்:
எந்த ஆபீஸ் சார் அது? மனைவி, பிள்ளைகளோடு சரி. என் கம்பெனியில் அப்பா அம்மாவைச் சேர்க்க முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

எடிசன் மாமா:
சேர்த்தாலும் என்ன லாபம்? மாசாமாசம் பிரீமியம் கட்டு, அப்புறம் டிடக்டிபிள் என்று முதலில் நம் கைக்காசு, அப்புறம் கோபே என்று ஒவ்வொரு தடவையும் நம் பங்கு. மூன்று மாதம் கழித்து, முகமே பார்க்காத ஒரு டாக்டர் பேரில் தனியாக பில் வரும். நம்ம ஊரில் ஐந்நூறு ரூபாயோடு போனால் டாக்டரைப் பார்த்து, காபியும் குடித்துவிட்டு வரலாம்.

கேட்டி நர்ஸ்:
புலம்பலை அப்புறம் வைத்துக்கொள்வோம். தம்பி, முக்கியமானதைச் சொல்லவே இல்லையே. அம்மா எந்த விசா? என்றைக்கு வந்து இறங்கினார்?

பிளேனோ புதுசு:
மன்னிக்கவும், கிரீன் கார்டு. வந்து 51 நாள். கார்டு போன வாரம்தான் தபாலில் வந்தது, அதற்காகத்தான் காத்திருந்தேன்.

கேட்டி நர்ஸ்:
காத்திருந்திருக்கவே வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ள குடியேற்ற விசாவும் ஏர்போர்ட்டில் குத்திய முத்திரையுமே போதும். குடியேறி வந்தவர் மார்க்கெட்பிளேஸில் பிளான் எடுக்க 60 நாள் கெடு. இன்னும் 9 நாள்தான் இருக்கிறது. விட்டால் நவம்பர் 1-இல் தொடங்கும் பொதுப் பதிவு வரை உட்கார வேண்டியதுதான். இன்றைக்கே ஹெல்த்கேர்.கவ் தளத்தில் விண்ணப்பியுங்கள். டெக்சஸுக்கு அதுதான் மார்க்கெட்பிளேஸ். முதல் பிரீமியத்தை உடனே கட்டுங்கள், கட்டாவிட்டால் பிளான் தொடங்காது. பிளான் அடுத்த மாதம் முதல் தேதிதான் உயிர் பெறும். பிளானின் மருந்துப் பட்டியலில் அம்மாவின் இன்சுலின் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

போனில் யாராவது மலிவாகத் தருகிறேன் என்று சொல்லி, சர்க்கரை உண்டா என்று கேட்டால் போனை வைத்துவிடுங்கள். அது குறுகிய காலப் பிளானாக இருக்கும், அதற்கு அக்கா சொன்ன ஒபாமா சட்டம் பொருந்தாது.

அதுவரைக்கும் அருகிலுள்ள கம்யூனிட்டி ஹெல்த் சென்டருக்கு மதுரை டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டோடு கூட்டிப்போங்கள். வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்குவார்கள், இங்கத்திய மருந்துச் சீட்டும் கிடைக்கும். வாந்தி, மூச்சுவாங்கல், மயக்கம் என்றால் யோசிக்காமல் எமர்ஜென்சி. இன்சூரன்ஸ் இல்லை என்று அவர்கள் திருப்பி அனுப்ப முடியாது, 1986-லிருந்தே சட்டம் இருக்கிறது. பில் வரும், அதை அப்புறம் பார்க்கலாம்.

பிளேனோ புதுசு:
பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டேன். மனைவி லேப்டாப்பைத் திறந்துவிட்டாள்.

எடிசன் மாமா:
அதோடு காலையில் ஊறவைத்த வெந்தயம் ஒரு ஸ்பூன்...

கேட்டி நர்ஸ்:
மாமா! கொடுக்கட்டும், இன்சுலினை நிறுத்தாமல்.