பாண்டினி காருக்குள்ள அமெரிக்க இன்ஜினா? ஒரு டவுட்

மிட்நைட்மணி:
ரெண்டு நாளா தூக்கத்த விட்டுட்டு 1950கள்ல நடந்த அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் ரேஸ் வீடியோவா பாத்துட்டு இருக்கேன். ஃபெராரி, மாசராட்டி எல்லாம் தெரிஞ்ச பேருதான், நடுவுல ஒரு குட்டி சிவப்பு இத்தாலி கார் வருது, பேரு பாண்டினியாம், பக்கத்துல நிக்கிற ஆளோட இடுப்பு உயரம் கூட இல்ல, பானெட்ட தூக்கினா உள்ள கிராஸ்லின்னு அமெரிக்க இன்ஜின். இத்தாலிக்காரனுக்கு இன்ஜின் செய்யத் தெரியாதா என்ன? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

ஸ்பேனர்செல்வம்:
தெரியாம இல்ல தம்பி, கணக்குப் போட்டுத்தான் பண்ணான். அமெரிக்காவுல எஸ்சிசிஏன்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கிளப், 1944ல ஆரம்பிச்சது, அவங்க ரேஸ்ல பரிசுப் பணம் கிடையாது, கப்பு மட்டும்தான், எல்லாம் சொந்தக் காசு. இன்ஜின் சைஸ் வச்சு கிளாஸ் பிரிப்பாங்க, அதுல குட்டி கார்களுக்கான கிளாஸ் எச் மாடிஃபைடு, 750 சிசிக்குள்ள இருக்கணும். கிராஸ்லி 724 சிசி, அளவெடுத்து தச்ச சட்டை மாதிரி பொருந்திடுச்சு. உடைஞ்சா பார்ட்ஸும் உள்ளூர்லயே கிடைக்கும்.

அந்த இன்ஜின் கதையே தனி. ரெண்டாம் உலகப் போர்ல ஜெனரேட்டர் ஓட்ட வளர்த்தது, பிளாக்க வார்க்காம மெல்லிசு இரும்புத் தகட்ட செம்பு வச்சு பற்றவச்சு செஞ்சாங்க, கார்ல போட்டதும் கூலன்ட் தண்ணி அரிச்சு ஓட்டை விழ ஆரம்பிச்சுது, அதனால 1949ல வார்ப்பிரும்புக்கு மாறிட்டாங்க. மேல மூடுற ஹெட்டும் கீழ சிலிண்டர் இருக்குற பிளாக்கும் ஒரே பீஸு, அதனால நடுவுல கசியாம வைக்கிற ஹெட் கேஸ்கெட்டே கிடையாது! மூணு தடவ ஹெட் கேஸ்கெட் போன ஒரு பழைய வண்டியோட குடும்பம் நடத்தினவன் நான், பொறாமையா இருக்கு. ஆனா வால்வு வேலை பாக்கணும்னா மொத்த பிளாக்கையும் கீழ இருக்குற கிரான்க்கேஸ்லேர்ந்து கழட்டணும், அதுக்கு கேஸ்கெட்டே மாத்திட்டுப் போயிடலாம் 😄 அந்த கார செஞ்ச இலாரியோ பாண்டினி பிற்பாடு கிராஸ்லி அடிப்பகுதி மேல தன்னோட ட்வின் கேம் ஹெட்ட (வால்வ இயக்க ரெண்டு கேம் ஷாஃப்ட் உள்ளது) ஏத்திட்டாரு, அதனால கடன் வாங்கினதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

ஓஸ்காரசிகன்:
குட்டி கார்னு ஆரம்பிச்சுட்டு ஓஸ்காவ விட்டா எப்படி? மாசராட்டி அண்ணன் தம்பிங்க கம்பெனிய 1937ல ஓர்ஸி குடும்பத்துக்கு வித்துட்டு, பத்து வருஷ ஒப்பந்தம் முடிஞ்சதும் 1947ல போலோனியா பக்கத்துல தனியா போட்ட கடை அது. 1954 செப்ரிங் 12 மணி நேர ரேஸ், ஃப்ளோரிடாவுல பழைய விமானப்படை தளம், காங்கிரீட் ரன்வே. 3.3 லிட்டர் இன்ஜின் வச்ச லான்சியா கார் படையே வந்து இறங்குச்சு. அமெரிக்க டீம் ஓனர் பிரிக்ஸ் கன்னிங்ஹாமோட 1.5 லிட்டர் ஓஸ்காவுல பிரிட்டிஷ் ரேஸ் டிரைவர் ஸ்டிர்லிங் மோஸும் பில் லாய்டும். பாதில பிரேக் செத்துப் போச்சு, மோஸ் திருப்பத்துக்கு முன்னாடியே வண்டிய குறுக்கால வழுக்க விட்டு அந்த உரசல்லயே வேகத்தக் குறைச்சாரு. லான்சியாங்க ஒண்ணொண்ணா படுத்துச்சு, இது 168 லேப் முடிச்சு ஓவராலா ஜெயிச்சுது. தன் கிளாஸ்ல மட்டும் ஜெயிச்சது இல்ல சார், எல்லா கார்களையும் சேத்து முதல் இடம்!

மிட்நைட்மணி:
செல்வம் அண்ணே, பரிசுப் பணமே இல்லன்னா மோஸ் மாதிரி காசுக்கு ஓட்டுறவரு எப்படி உள்ள வந்தாரு? இடிக்குதே.

ஸ்பேனர்செல்வம்:
நல்லா பிடிச்ச. செப்ரிங் 12 மணி நேரம் உலக சாம்பியன்ஷிப் ரேஸ், அத அப்ப நடத்துனது ஏஏஏன்னு அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம், எஸ்சிசிஏ இல்ல. நான் சொன்னது வாரக்கடைசி கிளப் ரேஸ்.

ரெட்லைன்ராஜா:
லேட்டா வந்துட்டேன். எல்லாரும் குட்டி கார பாசமா பேசுறீங்க, பெரிய கார்ல தலைகீழா நடந்தத யாரும் சொல்லலயே. 1955ல அமெரிக்க கம்பெனி செவர்லேயோட வி8 இன்ஜின் (எட்டு சிலிண்டர்) வந்துச்சு, 4.3 லிட்டர், மலிவு. அதுக்கப்புறம் ஃபெராரி, மாசராட்டி இன்ஜின் போனா ரிப்பேர் செலவப் பாத்து மிரண்டு, அத இறக்கி ஓரமா வச்சுட்டு செவர்லேய மாட்டி ஓட்டினாங்க. இப்ப அதே கார்கள வாங்குறவங்க எந்த கராஜ்ல அந்த பழைய இன்ஜின் கிடக்குன்னு ஊர் ஊரா தேடுறாங்க.

மிட்நைட்மணி:
போச்சு, இன்னிக்கும் தூக்கம் கிடையாது. ஓஸ்கா வீடியோ தேடப் போறேன்.