ரைஜல்ட தோலை உரிக்கலாமா?

கல்லடியான்: சிட்னி மச்சான் 'ஃபார்ஸ்கேப்' எண்ட விண்வெளி டிவி தொடர்ல வாற குள்ள ராசா ரைஜல்ட பொம்மையொண்டு தந்தவர். ரசிகர் ஒருத்தர் கையால செஞ்ச பிரதி, நுரை ரப்பர் தோல். ரெண்டு வருசம் யன்னலோரம் ஷோகேஸ்ல வச்சிருந்தன். இப்ப காதத் தொட்டாத் தூளாக் கொட்டுது, கன்னம் பிசுபிசுக்குது. உரிச்சுப்போட்டு சிலிக்கன் தோல் போடட்டா?

அக்கரைப்பற்றுக் காக்கா: போடுங்க தம்பி. ரப்பர் பால நுரைக்க அடிச்சு அவன் அடுப்புல வேகவச்ச சாமான் அது. வெயிலும் காத்தும் புழுக்கமும் சேந்தா அரிச்சுத் திண்டுரும். மட்டக்களப்புல அதுக்கு எது குறைவு?

வந்தாறுமூலையான்: உரிக்காதீங்க அண்ண. அந்தச் சுருக்கமெல்லாம் செஞ்ச மனுசன் விரலால போட்டது. இருட்டு அலுமாரியில, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா பைக்கட்டோட வையுங்க.

அக்கரைப்பற்றுக் காக்கா: பிரதிக்கே இவ்வளவு பக்தியா? உங்கட ஊர்ல கூத்துக் கிரீடத்துக்குப் புதுக் கடதாசி ஒட்டேக்க, கூத்துப் பழக்கிற அண்ணாவியார்ர கை போயிட்டெண்டு யாரும் அழுதாங்களா?

வந்தாறுமூலையான்: கிரீடம் கூத்துக் களரிக்குப் போறது, புதுக்கத்தான் வேணும். இது ஷோகேஸ்ல இருக்கிறது.

அக்கரைப்பற்றுக் காக்கா: அதுதான் பிழை! 1999ல அந்தத் தொடர் தொடங்கினதில இருந்து ரைஜல் கைக்குள்ள வாழ்ந்தவன். ஒருத்தர்ட கை உள்ளுக்கு, மத்தாக்கள் ரிமோட்ல முகத்த அசைப்பாங்க, குரல் ஜொனதன் ஹார்டி. ஆடாட்டி அது வெறும் பொணம்.

ரப்பர்பால்: நடுவுல வாறதுக்கு மன்னிக்கணும். பழைய நுரைக்கு மேலயே பூசலாமெண்டு நினைக்காதீங்க. ரப்பர்ல கந்தகம் இருக்கு, பிளாட்டினம் கலந்து இறுக்கிற சிலிக்கன் அதுல பட்டா இறுகாது, சளி மாதிரிக் கிடக்கும்.

அக்கரைப்பற்றுக் காக்கா: தகரம் கலந்த சிலிக்கன் இறுகும்.

ரப்பர்பால்: இறுகும், மறுகா சுருங்கும், கிழியும். எந்த சிலிக்கனும் நுரையவிடப் பாரம் காக்கா. ஆட்டுறவன்ட மணிக்கட்ட யோசிங்க.

வந்தாறுமூலையான்: அச்சு எடுக்கப் போனாலும் பிசுபிசுக்கிற கன்னம் அச்சோட வந்துரும். முதல்ல நாலு பக்கமும் போட்டோ எடுங்க அண்ண.

கல்லடியான்: போட்டோ எடுக்கத்தான் வெளிய வச்சன். நான் கெமரா தேடிப்போன நேரம் மகள் உள்ளுக்குக் கையவிட்டு ஆட்டிட்டா. இடது காது முழுசாப் போச்சு. ஆனா நல்லாத்தான் ஆட்டினா.

அக்கரைப்பற்றுக் காக்கா: வலது காது இருக்குதானே. களிமண்ணுல அதப் பாத்துச் செய்ங்க.

வந்தாறுமூலையான்: தொடாமப் பாத்து.