வழக்காறு ஆய்வு: தீர்ப்பு படிச்சா போதுமா, டேட்டா வேணுமா?

முனைவர்கனவு:
தீசிஸ் அரசு அதிகாரிகளுக்கு வெளிநாட்டு கோர்ட்ல கிடைக்கிற விலக்கு (அங்க அவங்க மேல வழக்கு நடத்த முடியாதுங்கிற பாதுகாப்பு) பத்தி. இது சர்வதேச வழக்காறா, அதாவது ஒப்பந்தம் இல்லாமலே நாடுகளோட வழக்கத்தால உருவான சட்டமான்னு பாக்கணும். மெத்தட் 'டாக்ட்ரினல்' (தீர்ப்பு, சட்ட நூல்களைப் படிச்சு அலசுறது)னு போட்டா "உக்காந்து படிக்கிறதெல்லாம் மெத்தடா?"ங்கிறாங்க. நாடுகளோட நடைமுறையை எண்ணியே ஆகணுமா?

சட்டக்கிறுக்கன்:
வேணாம். நடைமுறை இருந்தா மட்டும் வழக்காறு ஆயிடாது, சட்டக் கடமைன்னு நம்பி செஞ்சிருக்கணும், அந்த நம்பிக்கையை எந்த எக்செல்ல எண்ணுவீங்க? 1969 வடகடல் கண்டத்திட்டு வழக்குல, ரெண்டு நாட்டுக்கும் சம தூரத்துல கடலடி எல்லை போடுற சமதூரக் கோடு வழக்காறு ஆயிடுச்சுன்னு சுமார் 15 உதாரணம் காட்டினாங்க. பாதிக்கு மேல, அந்தக் கோட்டைச் சொல்ற ஜெனீவா ஒப்பந்தத்துல சேந்த, இல்ல சேரப்போற நாடுங்க, அவங்க ஒப்பந்தப்படி நடந்தாங்க அவ்ளோதான்னு ஐசிஜே (சர்வதேச நீதிமன்றம்) ஓரங்கட்டிடுச்சு.

டேட்டாபிரியை:
சேம் சைடு கோல் போட்டுட்டீங்க 😄 யார் செஞ்சாங்க, ஏன் செஞ்சாங்கன்னு ஒவ்வொண்ணா பிரிச்சாங்கல்ல, அதுக்குப் பேருதான் டேட்டா ஆய்வுல கோடிங் (வகை பிரிச்சுக் குறிக்கிறது). எப்பவும் அப்படி செய்றாங்களா என்ன? 2002 காங்கோ - பெல்ஜியம் வழக்குல பதவியில இருக்குற வெளியுறவு அமைச்சருக்கு முழு விலக்குன்னு ஐசிஜே சொல்லிச்சு, பெல்ஜியம் நியமிச்ச நீதிபதி வான் டென் வின்கெர்ட் அப்படி ஒரு வழக்காறே இல்லன்னு மாறுபட்டு எழுதினாங்க.

சட்டக்கிறுக்கன்:
அந்தம்மாவும் படிச்சுத்தானே எழுதினாங்க, டேட்டாபேஸ் வெச்சா? சரி எண்ணுங்க, ஆனா எதை? அமெரிக்க வெளியுறவுத் துறை வருஷா வருஷம் தொகுப்பே போடுது, ஏகப்பட்ட நாடுங்க ஒண்ணும் வெளியிடுறதில்ல. உங்க ஷீட்ல வர்றது உலக நடைமுறை இல்லங்க, ஒழுங்கா ஃபைல் போடுறவங்க நடைமுறை.

டேட்டாபிரியை:
உங்க அலமாரியில மட்டும் எல்லா நாடும் இருக்கோ? நான் "தகவல் இல்ல"ன்னு ஒரு தனிக் கட்டம் போட்டுக் காட்டிடுவேன், நீங்க அடிக்குறிப்புல நாலு நாட்டைப் போட்டு "பரவலான நடைமுறை"ன்னு முடிச்சிடுவீங்க.

கடல்எல்லை:
நடுவுல வர்றேன். ஒண்ணும் சொல்லாத நாடுங்க விஷயத்துல மௌனம் சம்மதம்ங்கிற கதை அப்படியே செல்லாது. சர்வதேசச் சட்ட ஆணையம் (ஐநாவோட சட்ட நிபுணர் குழு) வழக்காறை அடையாளம் காண்றது பத்தி 2018ல தந்த முடிவுரைகள் படி, எதிர்வினை காட்ட வேண்டிய சூழ்நிலை இருந்து, காட்டக்கூடிய நிலையிலயும் இருந்து, காலப்போக்குல சும்மா இருந்தாத்தான் மௌனம் ஆதாரமாகலாம். உங்க அந்தக் கட்டத்தை நிரப்பவே ஒவ்வொரு சம்பவமா உக்காந்து படிக்கணும் மேடம்.

முனைவர்கனவு:
அப்போ அதிகாரிகளோட விலக்கு பத்தி ஆணையம் எழுதின வரைவோட 7வது பிரிவையே எடுத்துக்கவா? எந்தக் குற்றத்துக்கு விலக்கு கிடையாதுங்கிற பட்டியல். 2017ல அதை ஓட்டுக்கு விட்டு 21க்கு 8னு ஏத்துக்கிட்டாங்க, ஐநா பொதுச்சபையோட ஆறாவது கமிட்டியில (சட்ட விஷயங்களுக்கான குழு) நாடுங்க ஆதரிச்சும் எதிர்த்தும் பேசியிருக்கு.

டேட்டாபிரியை:
எடுங்க. ஆனா ஆதரவு/எதிர்ப்புன்னு ரெண்டே கட்டம் போடாதீங்க. "இதுவே இப்ப சட்டம்"னு சொன்ன நாடு வேற, "இப்படி ஆனா நல்லது"ன்னு சொன்ன நாடு வேற.

சட்டக்கிறுக்கன்:
அதைப் பிரிக்கத் தெரியணும்னா டாக்ட்ரின் தெரியணும். நான் என்ன சொன்னேன் அப்புறம்?